வவ்வால் முட்டி, சாரஸ் முட்டி

திண்ணைவாசி கேட்டது, 9 ஜூன் 2024:
பழந்தின்னி வவ்வாலுக்கும் சாரஸ் கொக்குக்கும் ஓர் ஒற்றுமை உண்டாம். இரண்டுக்கும் முட்டி பின்பக்கமாக மடங்குமாம். என் மாமனார் அடித்துச் சொல்கிறார். டெல்லிக்காரர்கள் யாராவது இரண்டையும் பார்த்திருந்தால் பதில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை.

9 ஜூன் 2024, இரவு
மாமனாருக்குப் பாதி மதிப்பெண். வவ்வால் விஷயத்தில் சரி, சாரஸ் விஷயத்தில் தப்பு.

சாரஸ் நிற்கும்போது காலின் நடுவில் ஒரு கணு தெரியும். பின்பக்கமாக மடங்குவது அதுதான். ஆனால் அது முட்டி இல்லை, கணுக்கால். அதற்குக் கீழே குச்சி மாதிரி நீண்டிருப்பது அதன் பாதம். தரையில் படுவது விரல்கள் மட்டும். நிஜ முட்டி மேலே, வயிற்றோடு ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கிறது. அது நம் முட்டி மாதிரி முன்பக்கம்தான் மடங்கும். அதாவது சாரஸ் ஆயுள் முழுக்க நுனிக்காலில் நிற்கிறது.

வவ்வாலுக்குத் தொடையெலும்பே இடுப்பில் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. அதனால் அதன் முட்டி உண்மையாகவே பின்னாலும் பக்கவாட்டிலும் பார்க்கும். மரத்தில் தொங்குகிற ஒன்றைக் கீழிருந்து கவனமாகப் பார்த்தால் தெரியும். கவனமாக என்றால் வாயை மூடிக்கொண்டு.

10 ஜூன் 2024
"இவ்வளவு எலும்பு ஞானம் எங்கிருந்து வந்தது, டாக்டரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. முப்பத்தொரு வருடம் மத்திய அரசு அலுவலகத்தில் சுருக்கெழுத்தர். இரண்டு வருடமாக முட்டி வலி. எலும்பு மருத்துவர் மேசையில் ஒரு பிளாஸ்டிக் கால் வைத்திருப்பார், அதை மடக்கி மடக்கிக் காட்டுவார். "எந்தப் பக்கம் மடங்கணுமோ அந்தப் பக்கம் மடக்குங்க சார்" என்றார் ஒரு நாள். அன்று வீட்டுக்கு வருகிற வழியில், டெல்லி ஜன்பத் சாலை மரங்களில் வவ்வால்களைப் பார்த்தேன். நூற்றுக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தன, ஒன்றுக்கும் முட்டி சரியான பக்கம் இல்லை. அதற்கப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன்.

11 ஜூன் 2024
எந்த வவ்வால், எந்தக் கொக்கு என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வவ்வால் என்றால் இந்தியப் பெரும் பழந்தின்னி வவ்வால். பழைய புத்தகங்களில் டெரோபஸ் ஜைகான்டியஸ் என்றிருக்கும், இப்போது டெரோபஸ் மீடியஸ் என்கிறார்கள். "பிரம்மாண்டம்" போய் "நடுத்தரம்" வந்துவிட்டது. பாவம், பதவி இறக்கம். எடை ஒன்றரைக் கிலோ வரை போகும். இறக்கையை விரித்தால் நாலடிக்குக் குறையாது.

உத்தரப் பிரதேச வயல்களில் காணக் கிடைக்கிற சாரஸ் ஏறக்குறைய ஆறடி நிற்கும். பறக்கிற பறவைகளில் இதைவிட உயரமானது உலகத்தில் இல்லை. இறக்கையை விரித்தால் எட்டடி. எடை ஏழெட்டுக் கிலோ சாதாரணம்.

ஆக இறக்கை அகலம் இரண்டு மடங்கு, எடை ஐந்து மடங்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

13 ஜூன் 2024
"எங்க ஊர் வயலிலேயே கொக்கு இருக்கு, அதுக்கு எதுக்கு உத்தரப் பிரதேசம் வரை போகணும்?" என்று கேட்ட தஞ்சாவூர்த் தம்பிக்கு.

உங்கள் வயலில் நிற்பது வேறு குடும்பம். உண்ணிக்கொக்கு, மடையான், வக்கா எல்லாம் அதில்தான் வரும். அவை பறக்கும்போது கழுத்தை மடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். சாரஸ் கழுத்தை நீட்டிப் பறக்கும், ஈட்டி எறிந்த மாதிரி. மடையான் மரத்தில் கூடு கட்டும். சாரஸால் மரத்தில் உட்காரவே முடியாது. அதன் பின்விரல் மேலே தூக்கிக்கொண்டு சிறிதாக இருக்கும், கிளையைப் பற்றாது.

சிக்கல் எங்கே என்றால், சாரஸ் குடும்பத்துக்கு நம்மிடம் தனிப் பெயர் இல்லை. நம் பக்கத்தில் அது குடியிருந்தால்தானே பெயர் வைப்போம்? அகராதியில் சாரசம் என்று ஒரு சொல் கிடக்கிறது, யாரும் பேசி நான் கேட்டதில்லை. பத்திரிகையில் கொக்கு என்றும் எழுதுகிறார்கள், நாரை என்றும் எழுதுகிறார்கள். கிரேன் என்று எழுதிவிட்டால் மெட்ரோ வேலை நடக்கிற இடத்தில் நிற்கும் இயந்திரம் ஞாபகத்துக்கு வருகிறது. இத்தனைக்கும் அந்த இயந்திரத்துக்குப் பெயர் வந்ததே இந்தப் பறவையின் கழுத்திலிருந்துதான். நான் சாரஸ் என்றே எழுதப் போகிறேன்.

உறுமீனுக்குக் காத்திருக்கிற கொக்கு, தலையில் வெண்ணெய் வைக்கப்பட்ட கொக்கு, கொங்கணவர் எரித்த கொக்கு, எல்லாம் உங்கள் வயல் ஆசாமிகள். சாரஸ் அப்படி அசையாமல் நின்று மீனுக்குத் தவம் கிடக்காது. நடந்துகொண்டே கிழங்கு, தானியம், பூச்சி, தவளை என்று பொறுக்கித் தின்னும்.

வவ்வாலுக்கு மட்டும் இந்தக் குழப்பம் வந்ததே இல்லை. வவ்வால், வௌவால், வாவல், எப்படிச் சொன்னாலும் ஒரே ஆள்.

16 ஜூன் 2024
இன்று டெல்லியில் வெயில் சொல்லி மாளாது. ஜன்பத் போய்விட்டு வந்தேன். மருத மரங்களில் தொங்குகிற கூட்டம் முழுவதும் விசிறிக்கொண்டிருந்தது. ஒரு இறக்கையைப் பாதி விரித்து, கரண்ட் போன வீட்டில் பாட்டி ஓலை விசிறி போடுகிற அதே தாளத்தில். சில, மார்பையும் இறக்கையையும் நக்கிக்கொண்டிருந்தன. அவற்றால் நம்மைப் போல வியர்க்க முடியாது, எச்சிலைத் தடவித்தான் உடம்பைக் குளிரவைக்கின்றன.

2018 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பக்கம் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது. அந்த இரண்டு நாளில் இதன் சொந்தக்கார இனம் ஒன்று 23,000 அளவில் மரத்திலிருந்து விழுந்து செத்தது. அதைப் படித்த பிறகு ஜூன் மாதத்தில் அண்ணாந்து பார்க்காமல் போக முடிவதில்லை.

சாயங்காலம் இந்தியா கேட் பக்கத்து நீர்நிலையில் இரண்டு மூன்று தாழப் பறந்து வந்து வயிற்றைத் தண்ணீரில் உரசிவிட்டுப் போயின. மீன் பிடிக்கிறது என்றார் பக்கத்தில் பேல்பூரி தின்றவர். இல்லை, தண்ணீர் குடிக்கிற முறையே அதுதான். வயிற்று முடியை நனைத்துக்கொண்டு போய், கிளையில் தொங்கியபடி நக்கிக் குடிக்கும். சாரஸுக்கு இந்தப் பாடு இல்லை. தண்ணீரிலேயே நிற்கிறது.

18 ஜூன் 2024
"வவ்வாலுக்குத்தான் கண் தெரியாதே, ஒலி அனுப்பித்தானே பறக்கும்?"

இந்த வவ்வால் அப்படி இல்லை. பூச்சி தின்னும் சின்ன வவ்வால்களின் வித்தை அது. பழந்தின்னிகளில் குகையில் வாழும் ஓர் இனம் நாக்கைச் சொடுக்கி ஏதோ செய்கிறது, அவ்வளவுதான். ஜன்பத் ஆட்கள் முழுக்கக் கண்ணையும் மூக்கையும் நம்பிப் பிழைக்கிறார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும், நாய்க்குட்டிக்கு இருக்கிற மாதிரி பெரிய கண்.

23 ஜூன் 2024, ஞாயிறு
தனௌரி போய் வந்தேன். கிரேட்டர் நொய்டாவைத் தாண்டி, தன்கௌர் பக்கம். விவசாய நிலத்துக்கு நடுவில் கோரை மண்டிய சதுப்பு. தூரத்தில் ஜேவர் விமான நிலைய வேலை நடந்துகொண்டிருக்கிறது. மருமகன் வண்டி ஓட்டினான். போகிற வழியெல்லாம் "மாமா, கொக்கு பார்க்கவா நூறு ரூபாய்க்கு மேல டோல் கட்டறோம்?" என்று புலம்பல்.

சாயங்காலம் ஐந்தரை வரை நாலு மட்டும் இருந்தன. ஆறு மணிக்கு மேல் ஜோடி ஜோடியாக வந்து இறங்க ஆரம்பித்தன. நான் அறுபது வரை எண்ணினேன், மருமகன் எழுபத்திரண்டு என்றான். (டோல் புலம்பல் அதற்குள் நின்றிருந்தது.) சாம்பல் உடம்பு, தலையும் மேல்கழுத்தும் மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்பு இறகு இல்லை, வெறும் தோல்.

அப்புறம் ஒரு ஜோடி கூவியது. இதை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று ராத்திரி முழுக்க யோசித்துவிட்டேன். நாகஸ்வரக்காரர் இரண்டு பேர் சீவாளி சரிபார்க்கிறபோது ஒரே நேரத்தில் ஊதிவிட்டால் வருமே, அதை அரை கிலோமீட்டர் தள்ளி நின்று கேட்டது போல. ஆண் ஒரு தரம் கூவினால் பெண் இரண்டு தரம் கூவும், இடைவெளி இல்லாமல் கோத்துக்கொண்டு. கண்ணை மூடினால் ஒரே பறவை என்றுதான் தோன்றும். மூச்சுக்குழாய் அவ்வளவு நீளம், மார்பெலும்புக்குள் சுருண்டு கிடக்கிறது. பித்தளை வாத்தியத்தின் குழாயை வளைத்து வைத்த மாதிரி. சத்தம் கிலோமீட்டர் கணக்கில் போகும்.

வவ்வால் சத்தம்? மீன் சந்தை. ஜன்பத்தில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வாய்த்தகராறு. தூங்குகிற நேரம் என்று பெயர்தான்.

இருட்டுகிற நேரத்தில் தலைக்கு மேல் ஒன்று தாழப் பறந்தது. கீழே சாரஸ் தூங்க வருகிறது, மேலே வவ்வால் வேலைக்குக் கிளம்புகிறது. ஷிப்ட் மாறுகிற நேரம். படம் எடுத்தேன், மங்கலாக வந்திருக்கிறது, போடுகிறேன். திண்ணைவாசி மாமனாருக்குக் காட்டவும், இரண்டும் ஒரே சட்டகத்தில்.

24 ஜூன் 2024
படத்தில் இருப்பது வவ்வால் இல்லையாம். வக்காவாம். மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் அலகுக்கு வட்டம் போட்டே அனுப்பியிருக்கிறார். உற்றுப் பார்த்தேன், அலகு இருக்கத்தான் செய்கிறது.

கொக்குகளைப் பற்றிப் பதினோரு நாள் முன்பு வகுப்பெடுத்தவன் நான்தான் என்பதை யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

30 ஜூன் 2024
இறக்கை, எடைக் கணக்கை மனதில் வைக்கச் சொன்னேனே. தனௌரியில் கவனித்தது இது: சாரஸ் நின்ற இடத்திலிருந்து எழும்பாது. ஏழெட்டுத் தப்படி ஓடும், தண்ணீர் தெறிக்கும், இறக்கை இரண்டு மூன்று தரம் அடிக்கும், அப்புறம்தான் கால் தரையை விடும். வவ்வால் பிடியை விட்டுவிட்டு விழும். விழுகிற வேகத்திலேயே இறக்கையை விரித்துப் பறந்துவிடும். ஒன்றுக்கு ஓடுபாதை வேண்டும், இன்னொன்றுக்கு உயரம் வேண்டும். கால்கள் அப்படி அமைந்ததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். விழுந்து பறக்கிறவனுக்கு நிற்கிற கால் எதற்கு?

இறக்கையே இரண்டிலும் வேறு வேறு. சாரஸ் இறக்கை என்பது கையில் நட்ட இறகுகள், விரல்கள் சுருங்கி ஒட்டிப்போய் உள்ளே இருக்கின்றன. வவ்வால் இறக்கை என்பது உள்ளங்கை. நாலு விரலைக் குடைக் கம்பி மாதிரி நீட்டி இடையில் தோலை இழுத்துக் கட்டியிருக்கிறது. கட்டைவிரல் மட்டும் வெளியே, கொக்கி நகத்தோடு. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிறுநீர் கழித்தால் என்ன ஆகும் என்று சிறுவயதில் எல்லோரும் யோசித்திருப்போம். அதற்கும் இந்தக் கட்டைவிரல்தான். அந்த நேரத்தில் கட்டைவிரல் கொக்கிகளால் கிளையைப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே விட்டுவிடும். நிமிஷத்தில் வேலை முடிந்து மறுபடி தலைகீழ். பார்க் செய்த கார்கள் சாட்சி.

1 ஜூலை 2024
நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். வவ்வால் தரையில் விழுந்தால் கதை முடிந்தது என்று பின்னூட்டத்தில் ஒருவருக்குச் சொல்லியிருந்தேன். அப்படி இல்லை. கட்டைவிரலை ஊன்றித் தவழ்ந்து போய் மரத்தில் ஏறிவிடும், ஏறினால் பிழைத்தது. நான் பார்த்த ஒன்று நாய் வருவதற்குள் மரத்துக்குப் போய்விட்டது. அதை மறந்தே போனேன்.

இன்னொன்று. தொங்குவதற்கு வவ்வால் பலமே செலவழிப்பதில்லை. உடம்பின் எடை தசைநாணை இழுக்க, விரல் தானாக இறுகிப் பூட்டிக்கொள்ளும். விடுவதற்குத்தான் முயற்சி வேண்டும். செத்த வவ்வால் நாள் கணக்கில் தொங்குவது இதனால்தான்.

7 ஜூலை 2024
தாம்பத்தியம் பற்றிக் கேட்ட அக்காவுக்கு. சாரஸ் ஜோடி பிரியாது, ஒன்று செத்தால் இன்னொன்று பட்டினி கிடந்து உயிர் விடும் என்பது உத்தரப் பிரதேசத்தில் வீட்டுக்கு வீடு சொல்கிற கதை. புதுமணத் தம்பதிகளை சாரஸ் ஜோடி பார்க்கக் கூட்டிப்போகிற வழக்கம் உண்டு. நம் அன்றில் கதை மாதிரியே. அன்றில் என்பது எந்தப் பறவை என்று புலவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், சிலர் அது சாரஸ்தான் என்பார்கள். நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை.

நீண்ட கால ஜோடி என்பது உண்மை. ஆனால் துணை போனால் வேறு துணை தேடிக்கொள்வதும் நடக்கிறது. பறவை ஆய்வாளர் கோபி சுந்தரும் கூட்டாளிகளும் 2022இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. அபூர்வமாக மூன்று சாரஸ்கள் சேர்ந்து ஒரே எல்லையில் குடித்தனம் நடத்துகின்றன. மூன்றும் சேர்ந்தே கூவுகின்றன. இரை குறைவான இடங்களில் குஞ்சு வளர்க்கக் கூடுதலாக ஓர் ஆள் உதவும் போல. கேட்டவுடன் என் மனைவி, "சமையலுக்கு ஓர் ஆள் வைச்ச மாதிரி" என்றாள்.

வவ்வால் பக்கம் இந்தச் சிக்கலே இல்லை. தாய்தான் எல்லாம். வவ்வால் வீட்டுக்கு வவ்வால் வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்கு.

22 ஜூலை 2024
மலப்புரத்தில் மறுபடி நிபா. காலையிலிருந்து இந்த இழையில் "வவ்வால் ரசிகரே, இப்போ என்ன சொல்றீங்க?" என்று நாலு பேர்.

நிபா வைரஸ் இந்தப் பழந்தின்னியிடம்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. 2018இல் கோழிக்கோட்டில் வந்தபோதே தெரிந்த விஷயம். வவ்வால் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், திறந்த பானைக் கள்ளையும் பதநீரையும் குடிக்காதீர்கள். ஆனால் மரத்தில் ஏறிக் கலைப்பதும் மரத்தை வெட்டுவதும் நோயை விரட்டாது. பயந்து கலைகிற கூட்டம் பத்து ஊருக்குப் பரவும். பதற்றத்தில் இருக்கிற மிருகம் வைரஸைக் கூடுதலாக வெளியே விடும் என்று ஆஸ்திரேலிய வவ்வால்களிடம் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன.

சாரஸ் குடும்பமும் சுத்தம் இல்லை. 2021 டிசம்பரில் இஸ்ரேலின் ஹுலா பள்ளத்தாக்கில் பறவைக் காய்ச்சலில் 5,000க்கு மேல் சாம்பல் நிறக் கொக்குகள் தண்ணீரிலேயே செத்து மிதந்தன. அப்போது யாரும் "கொக்கை ஒழி" என்று கிளம்பவில்லை. அழகாக நிற்கிறவனுக்கு ஒரு நியாயம், தலைகீழாகத் தொங்குகிறவனுக்கு ஒரு நியாயம்.

23 ஜூலை 2024
நேற்று கொஞ்சம் சூடாகிவிட்டேன். மலப்புரத்துக்காரர் ஒருவர் தனிமடலில், "எங்க தெருவில் தடுப்பு கட்டியிருக்காங்க, குழந்தைங்க பயந்து கிடக்கு, உங்க நியாயம் அப்புறம்" என்று எழுதினார். அவர் சொல்வது சரி. கடைசி இரண்டு வாக்கியத்தை அழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், நான் எழுதியதுதானே.

1 செப்டம்பர் 2024
தனௌரி, இரண்டாம் முறை. மருமகன் தானாகவே வண்டி எடுத்தான்.

மழைக்காலம்தான் சாரஸ் முட்டையிடும் காலம். வழக்கமாக இரண்டு முட்டை. அடைகாப்பு ஒரு மாதம், ஆணும் பெண்ணும் முறை வைத்து. கூடு என்றால் சின்னதாக நினைக்காதீர்கள், தண்ணீருக்கு நடுவில் கோரையையும் வைக்கோலையும் குவித்து நம் கட்டில் அகலத்துக்கு மேடு கட்டும். பல ஜோடிகள் நெல் வயலுக்குள்ளேயே கட்டிவிடுகின்றன. ஒரு விவசாயி வரப்பில் நின்று கையைக் காட்டினார். "அங்கே இருக்கு, கிட்ட போகாதீங்க, கொத்தும்." எத்தனை நெல் நஷ்டம் என்று மருமகன் கேட்டான். அவர் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டிவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும்" என்றார். கூட்டை நாங்கள் பார்க்கவில்லை, பெண்ணின் சிவப்புத் தலை மட்டும் நெல்லுக்கு மேல் தெரிந்தது. பெண்தானா? ஆணாகவும் இருக்கலாம். அடையில் உட்கார்ந்துவிட்டால் வித்தியாசம் தெரியாது.

என் தாத்தாவின் சப்போட்டா மரம் ஞாபகம் வந்தது. வவ்வாலுக்குப் பயந்து டால்டா டின்னில் கல் போட்டுக் கயிறு கட்டி, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையிலிருந்தே இழுப்பார். அதே தாத்தா சித்திரை கழிந்ததும் இலுப்பைத் தோப்பில் வவ்வால் தின்றுபோட்ட கொட்டையைப் பொறுக்க எங்களை அனுப்புவார், விளக்கெண்ணெய்க்காக (ஆமணக்கு எண்ணெய் இல்லை, விளக்கு எரிக்கிற இலுப்பை எண்ணெய்). மரம் ஏறிப் பறிக்கிற வேலையும் சதையை நீக்குகிற வேலையும் வவ்வாலுடையது. கூலி கேட்டதில்லை. இலுப்பையில் கூலியாள், சப்போட்டாவில் திருடன். தாத்தாவுக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரிந்ததில்லை.

2 செப்டம்பர் 2024
சட்டம் படித்த ஒருவர் நினைவூட்டினார், நன்றி. 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் காக்கை, எலி, சுண்டெலியோடு பழந்தின்னி வவ்வாலும் இருந்தது. தீங்குயிர் என்று பெயர், யாரும் கொல்லலாம். ஐம்பது வருடம் அப்படியே. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

அதற்குச் சில நாள் முன்னால்தான், 2023 மார்ச்சில், அமேதி மாவட்டத்தில் காயம்பட்ட சாரஸைக் காப்பாற்றி வளர்த்த இளைஞரிடமிருந்து வனத்துறை அதை எடுத்துப்போய்ச் சரணாலயத்தில் விட்டது. அப்புறம் அது கான்பூர் உயிரியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பைக்கில் போக, பின்னாலேயே பறந்து வருமே, அந்த வீடியோ பார்க்காதவர் இருக்க முடியாது. சாரஸ் உத்தரப் பிரதேசத்தின் மாநிலப் பறவை, அன்பாகக்கூட வைத்துக்கொள்ள முடியாது. வவ்வாலை அதே காலத்தில் அடித்துக் கொன்றாலும் கேட்பாரில்லை.

31 அக்டோபர் 2024
தீபாவளி. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காக வெடி போடுவதில்லை என்பது தெரிந்ததுதான். வவ்வாலுக்காக வெடி போடாத ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு. ஆலமரத்துச் சாமிக்குச் சொந்தம் என்றொரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை இல்லாத ஊர் இது. இங்கே ஜன்பத்தில் நேற்று ராத்திரி என்ன நடந்தது என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

3 நவம்பர் 2024
போனேன். இருக்கின்றன. எண்ணிக்கை குறைந்ததா என்று கேட்காதீர்கள், அறுபதா எழுபத்திரண்டா என்பதே எனக்கும் மருமகனுக்கும் ஒத்துவரவில்லை.

19 ஜனவரி 2025
தனௌரி, மூன்றாம் முறை. பனி. பத்து மணி வரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு குடும்பம், இரண்டு பெரியது, தலை சிவக்காத இளம் பறவை ஒன்று. செப்டம்பரில் பார்த்த கூடாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். இரண்டு முட்டை, ஒரு குஞ்சு. பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறதாம்.

வவ்வாலுக்கும் வருடத்துக்கு ஒரு குட்டிதான். அது முதல் சில வாரம் தாயின் வயிற்றைக் கவ்விக்கொண்டு கூடவே பறக்கும். சாரஸ் குஞ்சு பொரித்த ஓரிரு நாளில் தாய் பின்னால் நடந்து போகும். பிள்ளை வளர்ப்பில் நேர் எதிர், கணக்கில் ஒன்று. எலி மாதிரி, கோழி மாதிரி அள்ளிப் பெறுகிற ஜாதி இல்லை இரண்டும். பதிலுக்கு ஆயுள் நீளம். பழந்தின்னி கூண்டில் முப்பது வருடம் தாண்டியிருக்கிறது. சாரஸின் உறவான சைபீரியக் கொக்கு ஒன்று அமெரிக்காவில் விஸ்கான்சின் காப்பகத்தில் 83 வயது வரை இருந்தது. வருடத்துக்கு ஒன்று, பல வருடம், மெதுவாக. நடுவில் பெரியது ஒன்று செத்தால் அந்த இடம் நிரம்ப வெகு காலமாகும்.

இதை எழுதக் காரணம் திரும்பி வருகிற வழியில் பார்த்தது. தன்கௌர் தாண்டி மின்கம்பியில் ஒரு வவ்வால், செத்து, தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஓர் இறக்கை மேல் கம்பியில் ஒட்டியிருந்தது, கால் கீழ்க் கம்பியைப் பூட்டியபடி இருந்தது. நாலடி இறக்கை, அதைவிடக் குறுகலான இடைவெளியில் இரண்டு கம்பி. சின்னப் பறவை ஒரு கம்பியில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. இதற்கு விரித்த கை இரண்டையும் தொட்டுவிடுகிறது.

சாரஸ் சாவதும் இதே கம்பியில்தான், வேறு விதமாக. ஓடி எழும்புகிற பறவை, உடனே உயரம் பிடிக்காது, திரும்பவும் தெரியாது, நேராகப் போய் மோதும். எட்டாவா, மைன்புரி மாவட்டங்களில் வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் கம்பியில் சாகின்றன என்று 2005இல் ஓர் ஆய்வு வந்தது. நூற்றுக்கு ஒன்று குறைவாகத் தெரியலாம். ஒரு ஜோடி வருடத்தில் ஒரு குஞ்சைத் தேற்றுவதே பெரும்பாடு என்பதோடு சேர்த்துப் பாருங்கள்.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. டோல் வந்தபோது மட்டும் சில்லறை இருக்கிறதா என்று கேட்டான். அவன் வண்டியில் பாஸ்டேக் இருக்கிறது.

20 ஜனவரி 2025
மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் எழுதியிருக்கிறார்: கம்பிக்கு உறை போடலாம், இடைவெளியைக் கூட்டலாம், பறவைக்குத் தெரிகிற மாதிரி வளையம் மாட்டலாம், எல்லாம் செய்யக்கூடியதே என்று. வளையம் சாரஸுக்கு உதவும். வவ்வால் பிரச்சினை மோதுவது இல்லையே, தொடுவது. அதற்கு இடைவெளியோ உறையோதான் என்கிறார் அவரே. ஆக ஒரே கம்பிக்கு இரண்டு மருந்து.

2 பிப்ரவரி 2025
திண்ணைவாசி கடைசியில் வாய் திறந்திருக்கிறார். எட்டு மாதமாக மாமனார் இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறாராம். சாரஸ் முட்டி விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறாராம். ஆனால் வக்கா படத்தை அச்செடுத்துப் பூஜை அறைப் பக்கம் மாட்டி வைத்திருக்கிறாராம், என் பெயரை எழுதி.

இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். இந்த முறை பிளாஸ்டிக் காலை எந்தப் பக்கம் மடக்க வேண்டும் என்று தெரியும்.